சத்தம் கேட்டவர் பொறுப்பு

வாகன இயந்திரக் கோளாறு விபத்துப் பொறுப்பு நிர்ணய வாரியம் என்று அதற்குப் பெயர். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு வண்டி எங்கேயாவது போய் முட்டியிருக்கும் என்பதால், ஜனங்கள் பொறுப்பு வாரியம் என்று சுருக்கிவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டி மேட்டின் உச்சியில் இருக்கிறது. ஊரில் பிரேக் பிடிக்காத வண்டிகளெல்லாம் உருண்டு விழுவது அந்த மேட்டுச் சரிவில்தான். விபத்து நடக்கிற இடத்திலேயே வாரியமும் இருந்துவிட்டால் அதிகாரிகளுக்கு அலைச்சல் மிச்சம் என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்துக் கட்டியிருக்கிறார். சரிவைக் கொஞ்சம் வெட்டிச் சமன் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் வாரியம் எதற்கு?

விசாரணை மண்டபம் மேல்மாடியில். லிஃப்ட் உண்டு, ஓடாது. "இந்த லிஃப்ட் பழுதானதற்கு யார் பொறுப்பு என்பது வாரியத்தின் பரிசீலனையில் உள்ளது. அதுவரை எவரும் பழுதுபார்க்கக் கூடாது" என்று அதன் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தாளுக்கே வயதாகி ஓரமெல்லாம் பழுப்பேறி உதிர்ந்துகொண்டிருந்தது. கையும் காலும் கட்டுப்போட்டவர்கள் அந்தத் தாளைப் படித்துவிட்டுப் படியேறுவார்கள்.

கண்ணாடிக்காரர் அந்தப் படிகளில் ஏறுவோம் என்று கனவிலும் நினைத்தவரல்ல. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் அந்தப் பெயர். அடுத்தவர் கண்ணுக்கு என்ன பவர் என்று தெரியுமே தவிர, அடுத்தவர் விஷயம் எதுவும் தெரியாது. அவர் மனைவி தபால்காரம்மா அதற்கு நேர் எதிர். தோளில் பையோடு தெருத்தெருவாக நடந்து, யார் வீட்டுக் கதவு கிறீச்சிடுகிறது, யார் வீட்டு நாய்க்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்பதுவரை காதில் வாங்கிக்கொண்டு வருவாள். சாப்பிட உட்கார்ந்தால் அத்தனையையும் சொல்வாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிடுவார்.

புது வண்டி வாங்கியபோதும் முதலில் கேட்டது அவளுக்குத்தான். பிரேக்கை மிதித்தால் உஸ்ஸென்று ஒரு சத்தம், யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுவதுபோல. உங்களுக்குக் கேட்கவில்லையா என்று கேட்டாள். "உனக்கு எப்பவும் ஏதாவது கேக்கும்" என்றார் அவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லிவரும் பதில் அது. சொல்வதற்கு யோசிப்பதுகூட இல்லை. ஆனாலும் அவள் விடாமல் நச்சரித்து, வண்டியை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வைத்தாள். அங்கே மேனேஜரிடம் வாயால் ஊதியே சத்தத்தைச் செய்து காட்டினாள். அந்த நேரத்தில் இவர் வாசலில் நின்ற புது மாடல்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். புது வண்டி அப்படித்தான் மூச்சு விடும், பழகினால் சரியாகிவிடும் என்று மேனேஜர் சிரித்தார். வண்டியைக் கழுவி, உள்ளே வாசனை அடித்துக் கொடுத்தார்.

வாசனை அடித்த வண்டியில் வீடு திரும்பும்போதுதான் தண்ணீர்த் தொட்டி மேட்டில் பிரேக் பெடல் கல்லாக இறுகிப்போயிற்று. கண்ணாடிக்காரர் இரண்டு காலாலும் ஏறி நின்று மிதித்தார். ஹேண்ட்பிரேக்கைப் பிடுங்கி இழுத்தார். வண்டி யாருக்கும் கட்டுப்படாமல் போய், சரிவின் அடியில் இருந்த விளக்குக் கம்பத்தில் இடதுபக்கமாக மோதி நின்றது. அவருக்கு நெற்றியில் ஒரு கீறல். அவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. பார்க்க வந்தவர்களெல்லாம் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஆறுதல் சொன்னார்கள். "தலைப்பாகை போயிருந்தா வேற வாங்கிக்கலாம்" என்றாள் தபால்காரம்மா. "போனது காலு."

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர், காலுக்கு வெளியே கம்பிகளை நாட்டி எலும்பை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருந்தார். உள்ளே தகடு வைத்து ஒழுங்காகப் பொருத்த இன்னொரு ஆபரேஷன் வேண்டும். ஆனால் இயந்திரக் கோளாறால் வந்த விபத்து என்றால், பொறுப்பு வாரியம் யாரைப் பொறுப்பாளர் என்று தீர்மானிக்கிறதோ அவர் வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் கத்தியைத் தொட வேண்டும் என்பது விதி. விதியைச் சொல்லும்போது டாக்டர் கண்ணாடிக்காரரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"சீக்கிரம் யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றார் பிறகு. "எலும்பு வாரியத்துக்காகக் காத்திருக்காது. அது பாட்டுக்குக் கூடிக்கிட்டே இருக்கும். கோணலா கூடிருச்சுன்னா இந்தம்மா ஆயுசுக்கும் சாய்ஞ்சுதான் நடக்கணும்."

நடப்பதைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாதவள் அவள். கண்ணாடிக்காரர் அன்றே மனுக் கொடுத்துவிட்டு நோட்டீசுக்குக் காத்திருந்தார். வரவே இல்லை. விசாரித்தால், முதல் விசாரணை முடிந்துபோய், ஆஜராகாத குற்றத்துக்கு அவர்மேல் ஒரு கண்டனமும் பதிவாகியிருந்தது. நோட்டீஸ் தபால் நிலையத்தில் கிடந்தது. அந்தத் தெருவுக்குத் தபால் கொடுக்க வேண்டியவள்தான் கால் ஒடிந்து வீட்டில் படுத்திருந்தாளே! இதை வாரியத்தின் எழுத்தரிடம் சொன்னபோது, அவர் பரிவோடு தலையசைத்தார். அப்படியென்றால் விசாரணைக்கு நீங்கள் வராமல் போனதற்கும் உங்கள் வீட்டம்மாதான் காரணம், இல்லையா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

வாரியத்தின் மூலச் சட்டம் ஒரே வரி. வண்டியில் கோளாறு இருப்பது தெரிந்தவர் எவரோ, அவரே விபத்துக்குப் பொறுப்பு. எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். தெரிந்தும் மறைக்கிற முதலாளிகளை மடக்கலாம் என்று நினைத்திருப்பார் பாவம். சட்டம் வந்த மறுநாளே நாட்டிலுள்ள அத்தனை கம்பெனிகளும் தெரிந்துகொள்வதை அடியோடு நிறுத்திவிட்டன. அதிலிருந்து வாரியத்தில் நடப்பதெல்லாம் யாருக்கு யாரைவிடக் குறைவாகத் தெரியும் என்கிற போட்டிதான்.

அடுத்த விசாரணைக்குக் கண்ணாடிக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு விடியும்போதே போய்விட்டார். மண்டபத்துக்கு வெளியே நடைபாதையில் தலைவரின் கார் டிரைவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கார்ச் சாவியால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். தலைவர் கூப்பிடும் நேரம் தெரியாது என்பதால் நாள் முழுக்க அங்கேயே இருப்பவர். கதவு எப்போதும் திறந்தே கிடந்ததால், உள்ளே சொல்லப்பட்ட தீர்ப்பெல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. "உள்ள போய் கம்மியா பேசுங்க சார்" என்றார் கண்ணாடிக்காரரிடம், சாவியைத் துடைத்துக்கொண்டே. கண்ணாடிக்காரருக்கு அது பெரிதாகப் படவில்லை. நம் பக்கம் நியாயம் இருக்கும்போது எதற்குக் குறைத்துப் பேச வேண்டும் என்று நினைத்தார். அப்படி நினைக்கிறவர்களுக்காகத்தான் இம்மாதிரி வாரியங்கள் கட்டப்படுகின்றன.

உள்ளே மேடையில் தலைவர். ஆள் வழவழவென்று இருப்பார். வாயில் எந்நேரமும் ஒரு பெப்பர்மின்ட். இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தூங்குவது விதிமீறல் அல்ல. தூங்குகிறவருக்கு எதுவும் தெரிய வராது என்பதால் வாரியம் அதை ஊக்குவித்தது. நடுவே மேஜையில் ஒரு பழைய பிரேக் டிரம், எண்ணெய் பூசிப் பளபளவென்று. சாட்சி சொல்ல வருகிறவர் அதன்மேல் கைவைத்து, எனக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் இல்லை, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை என்று உறுதிமொழி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ள ஒரு துண்டும் இருந்தது. எத்தனை பேர் கையைத் துடைத்த துண்டோ, கறுத்து விறைத்துப்போயிருந்தது.

முதலில் வண்டிக் கம்பெனியின் பிரதிநிதி. நல்ல கோட்டு, சூட்டு. உறுதிமொழியைப் புத்தகம் பார்க்காமலே சொன்னார்.

"வாரியத்துக்கு வணக்கம். எங்க வண்டியைப் பத்தி எங்களுக்கு எதுவும் தெரியாதுங்கறதை நாங்க பெருமையோட சொல்லிக்கறோம். வர்ற புகார்க் கடிதங்களைப் பிரிக்காம வைக்கறதுக்குன்னே தனியா ஒரு கட்டடம் கட்டியிருக்கோம். ஈரம் படாது, கரையான் வராது. ஒரு தடவை அங்க இருந்த காவலாளி தவறிப்போய் ஒரு கடிதத்தைப் பிரிச்சுப் படிச்சுட்டார். அன்னிக்கே அவரை வேலையிலேர்ந்து எடுத்துட்டோம். அவர் என்ன படிச்சார்னு கேக்கக்கூட இல்ல. அந்த அளவுக்கு நாங்க சுத்தம்."

தலைவர் கண்ணை மூடி ரசித்தார். அடுத்தது சர்வீஸ் சென்டர் மேனேஜர். தன் பட்டறையில் பானெட்டைத் திறக்கும் பழக்கமே இல்லை, திறந்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும் என்றார் அவர். கழுவுவோம், துடைப்போம், வாசனை அடிப்போம், அவ்வளவுதான். வாடிக்கையாளர்கள் கவுன்டருக்கு வந்து ஏதேதோ சொல்வது வழக்கம், ஆனால் கவுன்டரில் கனமான கண்ணாடித் தடுப்பு போட்டிருப்பதால் வாய் அசைவது தெரியுமே தவிரச் சத்தம் வராது, அதற்காகவே போட்டது என்றார். இந்த அம்மாள் உதட்டைக் குவித்து ஊதியது ஞாபகமிருக்கிறது, கோலி சோடா ஏதாவது கேட்கிறாரோ என்று நினைத்ததாகச் சொன்னார். சிரித்ததற்கும் தனக்கும் சம்பந்தமில்லை, அது வாடிக்கையாளர் சேவை.

பிறகு வண்டிகளுக்குத் தகுதிச் சான்று தரும் அதிகாரி வந்தார். அவரைப் பார்த்ததும் கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருடைய வாடிக்கையாளர். சோடாப்புட்டிக் கண்ணாடி இல்லாமல் எதிரே யானை நின்றாலும் தெரியாது. இப்போது மூக்கில் கண்ணாடி இல்லை. பிரேக் டிரம் என்று நினைத்துத் தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினரின் தலையில் கைவைத்து உறுதிமொழி சொன்னார்.

"ஆபீஸ் நேரத்துல நான் கண்ணாடி போடறதில்லைங்க" என்றார். "டிராயர்ல வெச்சுப் பூட்டிருவேன். சாயங்காலம் கையெழுத்தெல்லாம் போட்டு முடிச்சப்புறம்தான் எடுப்பேன். வண்டி பின்வாசல்ல நிக்கும், நான் முன்வாசல்ல இருப்பேன். நேர்ல பார்த்தா மனசுல ஒரு பாரபட்சம் வந்துரும் பாருங்க. இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு வண்டியைக்கூட நான் பார்த்தேன்னு யாரும் சொல்ல முடியாது."

மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. கண்ணாடிக்காரர் தான் பார்த்துப் பார்த்துத் தேய்த்துக் கொடுத்த அந்த லென்ஸ்களை நினைத்துக் கையைத் தட்டாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

அதன்பின் வண்டியை நேரில் ஆய்வு செய்ய எல்லோரும் கீழே கொட்டகைக்குப் போனார்கள். நசுங்கிய வண்டியைத் தார்ப்பாயால் மூடிக் கட்டியிருந்தார்கள். தலைவரும் உறுப்பினர்களும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். நேராகப் பார்த்தால் கோளாறு கண்ணில் பட்டு, வாரியமே பொறுப்பேற்க வேண்டி வந்துவிடும் அல்லவா? ஒருமுறை காற்றில் தார்ப்பாய் விலகியபோது தலைவர் முகத்தைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். இளைய உறுப்பினர் நண்டுபோல் நகர்ந்ததில் ஒரு எண்ணெய் டப்பாவில் இடறி விழுந்தார். டப்பாவை அங்கே வைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆய்வு முடிந்து மறுபடி மேல்மாடி. வண்டியின் புறத்தோற்றம் தங்களுக்குத் தெரிந்தவரை தெரியவில்லை என்று தலைவர் பதிவு செய்யச் சொன்னார். பிறகு எழுத்தர் மெதுவாக, கோளாறு எவருக்கும் தெரிந்திருக்கவில்லை ஆகையால் எவரும் பொறுப்பல்ல என்று வழக்கமான தீர்ப்பை எழுதத் தொடங்கிவிட்டார்.

கண்ணாடிக்காரர் எழுத்தரின் பேனாவையே பார்த்தார். எவரும் பொறுப்பல்ல என்றால் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட எவரும் இல்லை. அவள் கால் வெளியே கம்பி முளைத்தபடியே கோணிக்கொண்டு கூடிவிடும். அவர் எழுந்து நின்றார். எழுந்தவர் இருமிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"ஐயா, தெரியாதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார். "வாங்கின மறுநாளே தெரியும். பிரேக் மிதிச்சா உஸ்ஸுன்னு சத்தம். என் மனைவிக்குக் கேட்டுச்சு. என்கிட்ட சொன்னா, இதோ இந்த மேனேஜர்கிட்டயும் சொன்னா."

எழுத்தரின் பேனா நின்றது. தூங்கிய உறுப்பினர்கள் இருவரும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டார்கள். எத்தனையோ காலமாக அந்த மண்டபத்தில் 'தெரியும்' என்கிற சொல் கேட்டதே இல்லை. தலைவர் பெப்பர்மின்ட்டைக் கன்னத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளினார். உங்களுக்குக் கேட்டதா என்று மிகவும் இதமாகக் கேட்டார். இல்லை என்றார் கண்ணாடிக்காரர். உங்கள் மனைவி சொன்னபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? உனக்கு எப்போதும் ஏதாவது கேட்கும் என்று சொன்னேன். பேஷ் என்றார் தலைவர். அடுத்த அமர்வுக்கு அந்த அம்மாளை அழைத்து வாருங்கள் என்றார்.

கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் போய், நமக்கு நியாயம் கிடைக்கப்போகிறது என்றார். தபால்காரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர்கள் உன்னைப் பற்றி அக்கறையாக விசாரித்தார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த அமர்வன்று அவளை நாற்காலியில் உட்காரவைத்துத்தான் மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது. லிஃப்ட் கதவில் தாள் இன்னும் பரிசீலனையில் இருந்தது. கண்ணாடிக்காரரால் தனியே தூக்க முடியவில்லை. ஸ்டூலை விட்டு எழுந்து வந்து நாற்காலியின் மறுபக்கத்தைப் பிடித்தவர் தலைவரின் டிரைவர் ஒருவர்தான். படித் திருப்பத்தில் மூச்சு வாங்கும்போது அவர் தபால்காரம்மாவிடம், கேட்டா கேக்கலைன்னு சொல்லிருங்கம்மா என்றார். "கேட்டதைக் கேக்கலைன்னு எப்படிங்க சொல்றது?" என்றாள் அவள். டிரைவர் மறுபடி நாற்காலியைத் தூக்கினார்.

உள்ளே நெடுநேரம் ஆகவில்லை. சத்தம் கேட்டது உண்மையா என்றார் தலைவர். உண்மை என்றாள். வேறு யாருக்கும் கேட்காதது உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டது என்றார். "காது இருந்தா கேக்கும்" என்றாள். "இவங்களுக்கெல்லாம் நான் சொன்னேன். சொன்னப்புறம் எதுக்கு என்னைக் கேக்கறீங்க?"

தலைவர் எழுந்து நின்றார். எழுந்து நின்று பேசுவது முக்கியமான தீர்ப்புகளுக்கு மட்டும்தான்.

"அறியாமை ஒரு விளக்கு" என்று ஆரம்பித்தார். "அது இருக்கற வரைக்கும் எல்லாருக்கும் வெளிச்சம். கம்பெனிக்குத் தெரியாது. சர்வீஸுக்குத் தெரியாது. அதிகாரிக்குத் தெரியாது. நாட்டுல ஒரு வண்டி உருவாகி, வித்துப்போயி, ஓடி, மோதற வரைக்கும் அத்தனை பேரும் குழந்தை மாதிரி இருந்திருக்காங்க. இந்தக் குழந்தைகளுக்கு நடுவுல ஒருத்தர் தெரிஞ்சுக்கிட்டார். தெரிஞ்சுக்கிட்டதோட நிக்கல, அடுத்தவங்களுக்கும் சொல்லி அவங்க தூய்மையைக் கெடுக்கப் பார்த்தார். நல்லவேளை, கண்ணாடித் தடுப்பு காப்பாத்துச்சு. கோளாறு தெரிஞ்சும் அதே வண்டியில ஏறி உக்காந்தது இவர் ஒருத்தர்தான். ஆகவே விபத்துக்கும், வண்டிக்கும், விளக்குக் கம்பத்துக்கும், தன் காலுக்கும் இவரே பொறுப்பு. கணவர் பக்கத்துலயே இருந்தும் மனைவி சொன்னதைக் காதுல வாங்கல. அவரை வாரியம் மனமாரப் பாராட்டுது."

மேடையை விட்டு இறங்கி வந்து கண்ணாடிக்காரரின் கையைக் குலுக்கினார். தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்துப் பிரித்து அவர் கையில் வைத்தார். கண்ணாடிக்காரரின் மூளையில் அப்போது ஒன்றே ஒன்றுதான் ஓடியது. பொறுப்பாளர் கிடைத்துவிட்டார். அவள் காலுக்கு அவளே கையெழுத்துப் போடலாம். நாளைக்கே ஆபரேஷன். "ரொம்ப நன்றிங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டார். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. தபால்காரம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. நாக்கில் அந்த இனிப்பு கரையக் கரைய அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. துப்பவும் தைரியம் இல்லை, விழுங்கவும் முடியவில்லை.

கீழே இறங்கி வந்தபோது பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுக்க நின்றிருந்தார். தலைவருக்குக் கருணை பொங்கிற்று. பொறுப்பாளரானாலும் பெண்பிள்ளை, நம் வண்டியிலேயே கொண்டுபோய் விடுவோம் என்றார். கம்பெனி வாரியத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்த கார் அது, கண்ணாடிக்காரர் வாங்கிய அதே மாடல். பின்சீட்டில் தபால்காரம்மா காலை நீட்டி உட்கார, தலைவர் ஓரமாக ஒண்டிக்கொண்டார். கண்ணாடிக்காரர் முன்சீட்டில். எழுத்தர் கார்க் கதவுக்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்றார். படம் எடுத்தாயிற்று. டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்து, வாசலைப் பார்க்கத் திருப்பிப் பிரேக்கை மிதித்தார்.

உஸ்ஸென்றது.

தபால்காரம்மா சீட்டில் நிமிர்ந்தாள். "அதே சத்தம்" என்றாள்.

"சொல்லாதீங்க" என்றார் தலைவர் அவசரமாக. இரண்டு கையும் காதுக்குப் போய்விட்டன.

"எங்க வண்டியில கேட்ட அதே சத்தம்ங்க. மேட்டுல இறங்கினா பிரேக் பிடிக்காது."

கையால் பொத்தினால் மட்டும் காது அடைந்துவிடுமா? தலைவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைக் குடை பிடித்த எழுத்தர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தர் பார்த்ததைத் தலைவர் பார்த்தார். தெரிந்தவர் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதை நாட்டிலேயே நன்றாக அறிந்தவர் அவர்தான். அவர் முகத்தில் ஒரு நிமிடம் ஏதேதோ ஓடிற்று. வண்டியை நிறுத்தச் சொல்வார், பட்டறைக்கு ஆள் அனுப்புவார் என்று கண்ணாடிக்காரர் காத்திருந்தார். தலைவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

"டாக்டர் என்னை தினமும் நடக்கச் சொல்லியிருக்கார்" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு டிரைவரிடம், "நீ இவங்களைப் பத்திரமா கீழ கொண்டுபோய் விட்டுட்டு வந்துரு."

கதவை மெதுவாக, சத்தமே வராமல் சாத்தினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சரிவில் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார். எழுத்தர் குடையோடு பின்னால் ஓடினார்.

வண்டி வாசலை நோக்கி மெல்ல நகர்ந்தது. அங்கிருந்து பார்த்தால் சரிவு முழுதும் தெரியும், அடியில் வளைந்து நிற்கிற விளக்குக் கம்பமும் தெரியும். டிரைவரின் கைகள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தன. அவர் எதிரே மட்டும் பார்த்தார். பின்சீட்டில் தபால்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கை அவள் எத்தனை நாள்தான் ஊதுவாள்? வாசற்படி மேட்டில் டிரைவர் மறுபடி பிரேக்கைத் தொட்டார். உஸ்ஸென்றது.

"நிறுத்துங்க" என்றார் கண்ணாடிக்காரர். "எனக்கும் கேக்குது."

டிரைவர் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு எஞ்சினை அணைத்தார். பிறகு அவர் முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கும் கேக்குதுங்க. ரொம்ப நாளா கேக்குது. தினமும் இந்த மேட்டுல உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்கறேன்."

"அப்புறம் ஏங்க சொல்லல?" என்றார் கண்ணாடிக்காரர்.

டிரைவர் அவரை வேடிக்கையாகப் பார்த்தார். "சொன்னா நான்தானே சார் பொறுப்பு. எத்தனை தீர்ப்பு கேட்டிருக்கேன் அந்த ஸ்டூல்ல உக்காந்து. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

தபால்காரம்மா கூடவே கொண்டுவந்திருந்த ஊன்றுகோலை எடுத்துக் கதவைத் தள்ளினாள். காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தாள். பிறகு கையை டிரைவரின் பக்கம் நீட்டினாள்.

"சாவியை இப்படிக் குடுங்க. யாராவது கேட்டா நான் பிடுங்கிக்கிட்டேன்னு சொல்லுங்க. விளக்குக் கம்பத்துக்கே பொறுப்பேத்தாச்சு, இதையும் சேர்த்து எழுதிக்கட்டும்."

டிரைவர் சாவியைக் கொடுத்தார். அவள் அதைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டாள். கண்ணாடிக்காரர் ஒரு பக்கமும் டிரைவர் ஒரு பக்கமும் பிடிக்க, மூவரும் சரிவில் இறங்க ஆரம்பித்தார்கள். காலிலிருந்த கம்பிகள் ஒவ்வொரு அடிக்கும் ஒன்றோடொன்று உரசின. கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடிக்காரர் நின்று, வாயில் பாதி கரைந்திருந்த பெப்பர்மின்ட்டை வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெருவில் காறித் துப்பினார். தபால்காரம்மா அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நிஜமாவே கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு" என்றார்.

கீழே குடையின் நிழலில் தலைவர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். வண்டி வருகிறதா, வருகிறதென்றால் நிற்கிறதா என்று அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே.